நாலு கடமையும் நாற்பது வழக்கமும்

இறந்துபோன ஒரு மையித்துக்காக உயிரோடிருப்பவர்களிடம் மார்க்கம் கேட்பது நாலே நாலு காரியம்: குளிப்பாட்டு, கபன் உடுத்து, தொழு, அடக்கு. மிச்சமெல்லாம் சொந்தக்காரர் கேட்பது, அயல்வீட்டார் கேட்பது, பந்தலில் இருக்கக் கதிரை கிடைக்காதவர் கேட்பது.

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய சின்னப் பள்ளிவாசல் ஒன்றில் நான் மோதினாராக இருந்தேன். வெள்ளைக்காரனின் கடற்படை இங்கே கிடந்த காலத்தில் சேர்ந்தவன், முழங்கால் மினாராப் படி ஏற மறுத்த பிறகுதான் விட்டேன். ஐந்து வேளை பாங்கு சொல்ல ஆள் வேண்டும் என்றுதான் கிண்ணியாவிலிருந்து என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஊரில் யாராவது மௌத்தானால் மையித்தைத் தூக்குகிற சந்தூக்கைக் கழுவித் தோளில் வைத்துக்கொண்டு ஓடுவதும், ஆண் மையித்தைக் குளிப்பாட்டுவதும், மையவாடியில் குழி வெட்ட ஆள் அனுப்புவதும் அந்த வேலைக்குள் அடக்கம் என்று வந்த பிறகுதான் சொன்னார்கள். பெண் மையித்தைக் குளிப்பாட்டுகிற பொறுப்பை என் மனைவி ஆசியாவின் தலையில் வைத்தார்கள். அவளை ஒரு வார்த்தை கேட்கவுமில்லை.

எங்களுக்கு மேலே ஆலிம்சா. தொழுவிப்பவர் அவர்தான். இந்தியாவுக்குப் போய் ஓதி வந்தவர், நாங்கள் பின்பற்றுகிற ஷாபிஈ சட்டத்தில் எந்தக் கேள்விக்கும் கிதாபைத் திறந்து காட்டக்கூடியவர். கிதாபுக்கும் ஊருக்கும் நடுவில் சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றவன் நான். வேறு ஊர்ப் பள்ளிகளில் இதே பாடு பட்ட என் சகோதரர்களே, உங்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லப்போவதில்லை. தலையை ஆட்டிக்கொண்டு வாசியுங்கள்.

கையில் மாலையோடு ஒரு மனிதர்

கப்பல் பழுது பார்க்கிற டொக்யாட்டில் பாரந்தூக்கியில் வேலை செய்த அப்துல் மஜீது காக்கா திடீரென்று மௌத்தானார். குளிப்பாட்டிக் கபனிட்டு, முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தோம். அப்போது அவரோடு ஒன்றாக வேலை செய்த கந்தையா அண்ணன் நாலைந்து கூட்டாளிகளோடு வந்தார். கையில் முழங்கை நீளத்துக்குக் கட்டிய செவ்வந்தி மாலை. நேரே வந்து மையித்தின் நெஞ்சில் வைக்கக் குனிந்தார். வீட்டு இளந்தாரிகள் இரண்டு பேர் குறுக்கே விழுந்து மறித்துவிட்டார்கள். "எங்கட ஆக்களுக்கு மாலை போடுறல்ல, அண்ணன்." அவர் கோபிக்கவில்லை. மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார். பூவிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி அவருடைய காற்சட்டை நனைந்தது. பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

ஆலிம்சா எழும்பி வந்து மாலையைக் கையில் வாங்கினார். "கபன் எண்டா வெறும் வெள்ளைத் துணிதான் கந்தையா, அதுக்கு மேல சோடினை இல்ல. நீங்க மையவாடி வரைக்கும் வாங்க, உங்களுக்கு அங்க ஒரு வேலை இருக்கு" என்றார். மாலையைச் சந்தூக்கின் கால்மாட்டுக் கம்பில் சுற்றிவிட்டார். மையித்துக்குப் போட்டதும் இல்லை, வேண்டாம் என்று மறுத்ததும் இல்லை. பள்ளி நிர்வாகம் பார்க்கிற மரைக்கார்மார் முணுமுணுத்தார்கள், ஆனால் யாரும் போய்க் கழற்றவில்லை.

மையவாடியில் மண் தள்ளி முடிந்ததும் கப்ரின் தலைமாட்டில் ஒரு பச்சைக் கொப்பு நடுவது நபியவர்கள் காட்டித் தந்த வழக்கம். அதை நடுகிற வேலையை ஆலிம்சா கந்தையா அண்ணனிடம் கொடுத்தார். "எந்த மரம் ஐயா?" என்று கேட்டார் அவர். "பச்சையா இருந்தாச் சரி." நாங்கள் எல்லாரும் ஒரு சாண் குச்சியைத்தான் எதிர்பார்த்தோம். மனிதர் வேலிப் பக்கம் போய், ஆள் உயரத்துக்கு ஒரு பூவரசங் கதியாலை முறித்து இழுத்துக்கொண்டு வந்தார். இவ்வளவு பெரிசு எதற்கு என்று நான் கேட்டேன். மண்ணை உள்ளங்காலால் மிதித்து இறுக்கிக்கொண்டே சொன்னார்:

"எங்கட ஆக்களை எரிச்சாப் பிறகு நிண்டு பாக்க ஒரு இடம் இல்லை மோதினார். இவன்ர இடத்தில எண்டாலும் ஒரு நிழல் வரட்டும்."

இந்தப் பக்கம் மேலே

எங்கள் மையவாடி கடலுக்குப் பக்கம். மாரி காலத்தில் இரண்டு முழம் வெட்டினால் தண்ணீர் ஊறும். கரையும் இடிந்து விழும். அப்படியொரு மழை நாளில் துறைமுகக் கந்தோரில் கிளார்க்காக இருந்த ஒருவரின் வாப்பா மௌத்தானார். குழி நிற்கவேயில்லை. குழி வெட்டுகிற அசனார் காக்கா இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டு, "பெட்டி இல்லாம இது சரிவராது" என்று சொல்லிவிட்டார். மகன் குதித்தார். "பெட்டியில வைக்கிறது சேர்ச்சுக்குப் போற வேதக்காரர்ட முறை. எங்கட வாப்பாவை மண்ணிலதான் வைக்கணும்." காரணம் இல்லாமல் வைப்பதுதான் வெறுக்கத்தக்கது, நிலம் ஈரமாக இருந்தால் வைக்கலாம் என்று ஆலிம்சா குடைக்குள் நின்று விளக்கம் சொன்னார். மகன் அரை மனதோடு தலையாட்டினார்.

டொக்யாட்டில் சாமான் வந்த பலகையில்தான் அவசரத்துக்குப் பெட்டி அடித்தோம். கொண்டுவந்து இறக்கிய பிறகு பார்த்தால், ஒரு பக்கத்தில் கறுப்பு மையில் பெரிய இங்கிலீசு எழுத்து. கிளார்க் அல்லவா, வாசித்துவிட்டார். 'இந்தப் பக்கம் மேலே' என்று எழுதியிருக்கிறதாம், பக்கத்தில் ஒரு அம்புக்குறியும் கிடக்கிறதாம். இதைச் சீவி அழிக்காமல் வாப்பாவை வைக்க ஏலாது என்று நின்றுகொண்டார். மழையோ ஊற்றுகிறது. குழியில் தண்ணீர் ஏறுகிறது. தோளில் சந்தூக்கோடு நாங்கள் ஆறு பேர் நிற்கிறோம். குழிக்குள் இருந்து அசனார் காக்கா தலையை மட்டும் நிமிர்த்திச் சொன்னார்:

"உங்கட வாப்பாக்கு இங்கிலீசு தெரியாது தம்பி, அவர் வாசிச்சுக் கோவிக்க மாட்டார். நீங்க அம்பைப் பாத்து மேல் பக்கத்தைப் பிடிங்க, நான் கீழ் பக்கத்தைப் பிடிக்கிறன்."

ஹவ்வாவின் மகன்

துறைமுகத்துக்கு வந்த கப்பலொன்றில் எஞ்சின் அறை ஆள் ஒருவர் காய்ச்சலில் இறந்துபோனார். வங்காளத்து முஸ்லிம். நம்மிடம் ஒப்படைத்தார்கள். கூட வந்தது ஒரேயொரு கூட்டாளி, நெடுத்த ஆள், கழுத்தில் துவாய். அவருக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. ஆலிம்சா இந்தியாவில் படித்த உருதுவை வைத்துக்கொண்டு அவரோடு கதைத்தார். எங்கள் வழக்கப்படி எல்லாம் செய்தோம். யாரென்றே தெரியாத ஒருவருக்குப் பள்ளி நிறைய ஆட்கள் நின்று தொழுததைப் பார்த்து அந்தக் கூட்டாளி துவாயால் முகத்தை மூடிக்கொண்டார்.

அடக்கிய பிறகு ஆலிம்சா தலைமாட்டில் குந்தித் தல்கீன் ஓதினார். கப்ருக்குள் இரண்டு வானவர் வந்து 'உன் இறைவன் யார், உன் நபி யார்' என்று கேட்கும்போது என்ன பதில் சொல்லவேண்டும் என்று மையித்துக்கு நினைவூட்டுவதுதான் தல்கீன். மையித்தைத் தாயின் பெயரைச் சொல்லி, இன்னாளின் மகனே என்று கூப்பிடவேண்டும். தாயின் பெயர் கூட்டாளிக்குத் தெரியவில்லை. அப்படித் தெரியாத பட்சத்தில் மனிதர் எல்லாருக்கும் தாயான ஹவ்வாவின் பெயரைச் சொல்லலாம். "ஹவ்வாவின் மகனே" என்று ஆலிம்சா தொடங்கினார்.

கூட்டாளிக்கு இது புதிது. அவருடைய ஊர்ப்பக்கம் இப்படி ஓதுகிற வழக்கம் இல்லையாம். என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். ஆலிம்சா விளக்கினார். அந்த மனிதர் கவலையோடு கப்ரைப் பார்த்தார். அவனுக்கு அரபு வராதே, வங்காளத்தைத் தவிர ஒரு பாஷையும் தெரியாதே என்றாராம். ஆலிம்சா எழும்பித் தலைமாட்டு இடத்தை அவருக்குக் கொடுத்தார். அவர் முழங்காலில் இருந்து, மண்ணில் வாய் முட்டும்படி குனிந்து, வெகுநேரம் ஏதோ சொன்னார். எழும்பியபோது நெற்றியெல்லாம் மணல். என்ன சொன்னார் என்று கேட்டுச் சொல்லுங்கள் என்று நாங்கள் ஆலிம்சாவைப் பிடித்துக்கொண்டோம். அவர் கேட்டு எங்களுக்குச் சொன்ன பதில் இது:

"வாற ரெண்டு பேருக்கும் பயப்படாத, யோசிச்சு ஆறுதலாப் பதில் சொல்லு, அவங்க எங்கட எஞ்சின் அறைப் பெரியவனைப் போலக் கத்த மாட்டாங்க எண்டு சொன்னனான்."

வேலி ஓட்டை

புருஷனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கவேண்டும். அதுவரை அலங்காரம் இல்லை, மறுமணப் பேச்சு இல்லை, வீட்டை விட்டுப் போவதில்லை. தேவை என்று வந்தால் பகலில் வெளியே போக இடம் உண்டு என்று சட்டம் சொல்கிறது. ஊர் வழக்கம் சட்டத்தை விடக் கண்டிப்பு. வெள்ளைச் சீலை, ஒரே அறை, வாசலுக்குத் திரை, ஆண்குரல் காதில் விழக்கூடாது. உழைத்துப்போட ஆள் இருக்கிற வீடுகளில் இது நடக்கும். ஆமினாவின் வீட்டில் உழைத்துப்போட்ட ஒரே ஆள்தான் மௌத்தாகிவிட்டார். அவள் விடியக்காலையில் இடியப்பம் அவித்து, டொக்யாட்டு வாசலில் கொண்டுபோய் வைத்து விற்கிறவள். ஒரு கிழமைக்கு அயலார் சோறு கொடுத்தார்கள். பிறகு அவரவர் வீட்டில் அவரவர் பாடு.

ஆலிம்சா தாமாகவே சொல்லி அனுப்பினார்: பிழைப்புக்குப் போவது தேவைதான், போகலாம். அயல்வீட்டுப் பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "கிதாபில இருக்கும். ஆனா இத்தாப் பொம்பிளை டொக்யாட்டு வாசலில குந்தினதை இந்த ஊரில யாரும் காணல்ல." ஆமினாவுக்கே அந்தத் துணிவு இல்லை. என் மனைவி ஆசியா போய் இரண்டு பக்கக் கதையையும் கேட்டாள், ஒருத்தரோடும் வாதாடவில்லை. ஆமினாவின் குசினி றோட்டுப் பக்கத்துத் தென்னங்கிடுகு வேலியோடு ஒட்டினாற்போல இருந்தது. ஆசியா அந்த வேலியில் ஒரு கை போகிற அளவுக்குக் கிடுகை விலக்கிவிட்டாள். வருகிறவர் வேலியில் ஒரு தட்டு தட்டினால் ஒரு பார்சல், இரண்டு தட்டினால் இரண்டு. குரல் இல்லை, முகம் இல்லை. வெளியே வந்தாள் என்று சொல்லவும் ஏலாது.

முதல் நாள் தயங்கித் தயங்கி வந்தார்கள். பிறகு டொக்யாட்டில் பாதிப்பேர் அந்தப் பக்கம் சுற்றித்தான் வேலைக்குப் போனார்கள். தமிழர், சிங்களவர், நம்மவர் என்று வேலியோரம் வாய் பேசாமல் நிற்பதைப் பார்த்தால் யாரோ பெரிய மனிதரின் ஜனாஸாவுக்கு நிற்கிறார்கள் என்று நினைப்பீர்கள். இத்தா முடிகிற காலம் நெருங்கியதும், வேலியைச் சரிக்கட்டிவிடலாம் என்று நான் ஒரு கிடுகைத் தூக்கிக்கொண்டு போனேன். வரிசையில் நின்ற ஒரு தமிழ் ஆள் பதறிப்போய் என் கையைப் பிடித்தார்:

"அடைச்சுப் போடாதேங்கோ ஐயா! முந்தி ஆளுக்காள் இடிச்சு விழுந்தெல்லோ வாங்கினனாங்கள், இந்த ஓட்டை வந்தாப் பிறகுதான் நாங்கள் மனுசராய் நிக்கிறம்."

ஒரே கிடாரம்

பட்டினத்தில் புடைவைக் கடை வைத்திருந்த ஒருவர் மௌத்தாகி, அவருக்கு நாற்பதாம் நாள் கத்தம் வந்தது. குர்ஆன் ஓதி, துஆக் கேட்டு, வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவது. மூத்த மகன் எல்லா ஏற்பாடும் செய்துகொண்டிருந்தார். தென்பகுதியில் ஓதிவிட்டு வந்த இளைய மகன், நாற்பது என்று நாள் குறித்துச் செய்வது பித்அத், மார்க்கத்தில் இல்லாத புதுச் சேர்க்கை என்றார். வாப்பாவின் பேரில் ஏழைகளுக்குச் சும்மா சாப்பாடு கொடுத்தால் போதும், அதுதான் சதகா. அந்தப் பிள்ளை சொன்னதில் பிழை இருக்கிறதென்று ஆலிம்சாவும் சொல்லவில்லை. மூத்தவர் சொன்னதில் பிழை இருக்கிறதென்றும் சொல்லவில்லை. இரண்டு பேரும் முகம் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். உம்மாதான் பாவம், ஒரு மகன் வரும்போது மற்ற மகன் எழும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு திரைக்குள் இத்தா இருந்தார்.

கடைசியில் மூத்தவர் வீட்டில் கத்தம் வைத்தார். இளையவர் அதே நாளில், மூதூர் லோஞ்ச் படகு வருகிற துறையில் ஏழைகளுக்குச் சோறு கொடுக்க ஏற்பாடு செய்தார். அதே நாளை ஏன் பிடித்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. சமையலுக்கு இருவரும் ஆள் பிடித்தது தனித்தனியாக. ஆனால் இந்த ஊரில் பெரிய சமையலுக்கென்று இருப்பது ஒரே ஒரு மம்மது காக்கா. அவரும் இரண்டு பேருக்கும் ஓம் சொல்லிவிட்டு, பின்வளவில் ஒரே கிடாரத்தில் அரிசியைப் போட்டுவிட்டார். சோறு அள்ள வந்த இடத்தில் அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் நின்றுகொண்டார்கள். யார் முதலில் கதைப்பது என்று தெரியாமல் இரண்டு பேரும் கிடாரத்தைப் பார்த்தார்கள். மம்மது காக்கா அகப்பையை ஊன்றிக்கொண்டு நிதானமாகக் கேட்டார்:

"சோத்தில எந்தப் பக்கம் சதகா, எந்தப் பக்கம் பித்அத் எண்டு ரெண்டு பேரும் பாத்துச் சொல்லுங்க, நான் கலக்காம அள்ளித் தாறன்."

மாமி வந்து சொன்னது

ஜாபிர் என்ற மீன்பிடிக்காரன் வாடைக் காற்றில் தோணி கவிழ்ந்து காணாமல் போனான். கூடப் போனவன் ஈச்சிலம்பற்றுப் பக்கம் கரையொதுங்கிப் பிழைத்து வந்து, ஜாபிர் பலகையை விட்டுத் தண்ணிக்குள் போனதைக் கண்டதாகச் சொன்னான். பல நாள் தேடினார்கள். மையித்து வரவில்லை. வெள்ளிக்கிழமை காயிப் ஜனாஸா தொழுவதென்று பள்ளியில் பேசிக்கொண்டார்கள். உடல் இல்லாமலே, தூரத்தில் இறந்தவருக்காகத் தொழுவது அது. செய்தி கேட்டு ஜாபிரின் உம்மா மரியம் பள்ளி வாசலுக்கே வந்துவிட்டார். பெண்கள் வருகிற இடமில்லை என்று அவருக்குச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. "தண்ணிக்குள்ள போனதைத்தானே கண்டான், மௌத்தானதைக் கண்டானா? உசிரோட இருக்கிற புள்ளைக்கு ஜனாஸா தொழுது அவன் வாற வழியை அடைக்கப் போறீங்களா?" என்றார். ஆலிம்சா அன்றைக்குத் தொழுவிக்கவில்லை. கண்ட சாட்சி ஒருவன் இருக்கிறானே என்று மரைக்கார் கேட்டதற்கு, "பெத்தவ தயாராகட்டும், அதுவரைக்கும் ஜாபிருக்கு ஒரு நட்டமும் இல்ல" என்று மட்டும் சொன்னார்.

நட்டம் ஜாபிருக்கு இல்லைதான். அவனுடைய மனைவி நூர் பாடு என்ன? தொழவில்லையென்றால் ஊர்க் கணக்கில் அவன் மௌத்தாகவில்லை. அவன் மௌத்தாகவில்லையென்றால் இவளுக்கு இத்தா இல்லை. இத்தா இல்லாதவள் எப்படி இத்தா முடிப்பாள்? வெள்ளை உடுத்தவும் இல்லை, நிறம் உடுத்தவும் இல்லை, வெளுத்துப்போன ஒரு பழைய சீலையோடு திரிந்தாள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் இருப்பது. ஆகவே அவளுடைய வீட்டில் அவனுடைய சறமும் சட்டையும் கொடியிலேயே கிடந்தன, எடுத்து மடிக்க அவளுக்குக் கை வரவில்லை. மாமி மரியம் ஒவ்வொரு நாளும் வந்து மகனின் செய்தி கேட்டுவிட்டுப் போவார். மாரி போய்க் கடல் அடங்கியது. தோணிகள் திரும்பவும் போகத் தொடங்கின.

பிறகு சொந்தத்தில் ஒரு கலியாணம். மணப்பெண்ணுக்கு மஞ்சள் பூசப் புருஷன் உள்ள பெண்களைக் கூப்பிட்டார்கள், நூர் எழும்பினாள், யாரோ அவளுடைய சீலையை மெல்லப் பிடித்து இழுத்தார்கள். போய் விதவைகள் இருந்த பக்கம் இருந்தாள், அங்கேயும் ஒருத்தி, "நீ ஏன் புள்ள இங்க?" என்று கேட்டாள். கடைசியில் குசினியில் பாத்திரம் கழுவுகிறவர்களோடு இருந்து சாப்பிட்டாள். மாமி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் காலையில் நான் பள்ளி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தபோது வந்து, ஆலிம்சாவைக் கூப்பிடச் சொன்னார். ஜாபிர் திரும்பி வரவேயில்லை என்பதையும், நூர் இத்தா முடித்து இரண்டாம் தரம் கலியாணம் செய்தபோது சீலை எடுத்துக் கொடுத்தது இந்த மாமிதான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு ஆலிம்சா வெளியே வந்ததும் மரியம் உம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னது இவ்வளவுதான்:

"நாளைக்கு ஜும்மாவில தொழுங்க ஆலிம்சா. என்ட புள்ள திரும்பி வந்தான் எண்டா நான் அவனிட்ட மாப்புக் கேட்டுக்கொள்ளுறன்."

கடைசித் தண்ணீர்

தாஹா காக்கா லோஞ்ச் எஞ்சின்காரர். பிள்ளைகள் இல்லை. மனைவி சுபைதா ராத்தா பாரிசவாதம் வந்து வருஷக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். எஞ்சின் எண்ணெயைக் கழுவிவிட்டு வந்து, அவரைத் தூக்கி இருத்தி, குளிப்பாட்டி, தலைவாரி, சோறு ஊட்டுவது எல்லாம் தாஹா காக்காதான். ராத்தா ஒரு நாள் காலையில் மௌத்தானார். ஆசியாவும் இரண்டு பெண்களும் குளிப்பாட்டப் போனார்கள். ராத்தாவின் தங்கச்சி ஸீனத் வாசலில் நின்று, தாஹா காக்காவை அறைக்கு வெளியே போகச் சொன்னாள். "மௌத்தோட நிக்காஹ் முறிஞ்சு போச்சு மச்சான். இனி நீங்க அந்நிய ஆம்பிள, முகத்தைப் பாக்கவும் ஏலாது." நம் பக்கத்தில் பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள், உங்கள் ஊரிலும் கேட்டிருப்பீர்கள். தாஹா காக்கா கிணற்றுக்கட்டில் போய் இருந்தார். "இத்தனை வருஷமும் நான்தானே குளிப்பாட்டினனான்" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

ஆலிம்சாவிடம் ஓடினேன். எங்கள் சட்டத்தில் புருஷன் மனைவியைக் குளிப்பாட்டத் தடையில்லை, நபியவர்களின் மகளைக் குளிப்பாட்டியது அவருடைய கணவர்தான் என்று கிதாபில் இருக்கிறது என்றார். வந்து சொன்னேன். ஸீனத் கேட்கவில்லை. என் மனைவியே திரைக்குப் பின்னாலிருந்து, "பொம்பிளைகள் நாங்க மூணு பேர் இருக்கக்குள்ள ஆம்பிள உள்ள வந்தா நாளைக்கு ஊர் என்ன கதைக்கும்? சும்மா இருங்க" என்று எனக்குச் சொல்லிவிட்டாள். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. சட்டம் தெரிவது வேறு, கண்ணால் கண்டு பழகுவது வேறு.

கொஞ்ச நேரத்தில் ஆசியா கை நனைந்தபடி வெளியே வந்தாள். வாதத்தில் ராத்தாவின் இடது கை இறுகப் பொத்திக் கிடந்தது, உள்ளங்கைக்குத் தண்ணீர் போகவில்லை. மையித்தை நோகப்பண்ணக்கூடாது, வலிந்து விரிக்கவும் பயம். கிணற்றுக்கட்டடியில் போய், "காக்கா, ராத்தாட கை விரியுதில்ல. நீங்க எப்படிக் கழுவுறீங்க?" என்று கேட்டாள். அவர் தன்னுடைய மணிக்கட்டைப் பிடித்து, பெருவிரலால் மெல்ல அமத்தி, "இப்படி அமத்திக்கொண்டு கொஞ்சம் காத்திருக்கணும். அவளா விடுவாள்" என்றார். ஆசியா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே பார்த்து, "ஸீனத், திரையைத் தூக்கு" என்றாள். ஸீனத் தூக்கிப் பிடித்தாள். உள்ளே அவர் கையை விரித்து, விரலிடுக்கெல்லாம் கழுவினாராம். கற்பூரம் கலந்த கடைசித் தண்ணீரையும் அவர் கையாலேயே ஊற்ற விட்டார்களாம். குடத்தைத் தூக்கியவர் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஆசியாவிடம் கேட்டது வெளியே நின்ற எங்கள் எல்லாருக்கும் கேட்டது:

"தண்ணியை ஏன் புள்ள இவ்வளவு பச்சையா வச்சிருக்கிறீங்க? அவளுக்குக் குளிர் ஏலாதே."

இந்த வேலையில் இருந்து நரைத்தவன் என்ற முறையில் என் பிள்ளைகளுக்கு நான் சொல்லிவைத்திருப்பது இதுதான்: என்னை அடக்குகிற அன்றைக்கும் ஏதாவதொரு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு கட்டாயம் சண்டை வரும், வரட்டும், ஆனால் வெயில் ஏற முந்தி முடித்துக்கொள்ளுங்கள், தூக்குகிறவன் பாவம்.